விடியற்காலைத் தசைப்பிடிப்பு: நடுக்குவாத நோயாளர்க்குச் சில வழிகள்

பிறந்த ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் முதியோர் பலர் இருக்கின்றனர். பணியினின்றும் ஓய்வு பெற்றபின் பழகிய நகரத்திலேயே தங்கிவிட்டவர் சிலர். ஊரில் தனித்திருக்க இயலாமையால் மக்களோடு வந்து சேர்ந்தவர் சிலர். இவ்வயதினரைப் பற்றும் நோய்களுள் ஒன்று பார்க்கின்சன் நோய். நம் நாட்டு மருத்துவ நூல்கள் இதனையொத்த நோயைக் கம்பவாதம் என்றும் நடுக்குவாதம் என்றும் கூறும். கைந்நடுக்கமே இந்நோயின் அடையாளம் என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால், நோயாளரைக் கேட்டால், நடுக்கத்தைக் காட்டிலும் தம்மை வருத்துவது தசைப்பிடிப்பே என்று சொல்வோர் பலர். விடியற்காலை நான்கு அல்லது ஐந்து மணிக்குக் கால்விரல்கள் தாமே மடங்கி, பாதம் உட்புறமாகத் திரும்பி, கெண்டைச்சதை கல்லாக இறுகி, வாய்விட்டு அலறும்படி வலிக்கும் அந்தப் பிடிப்பைப் பற்றியும், அதைத் தணிக்கும் வழிகளைப் பற்றியும் இவ்வுரையில் காண்போம்.

முதலில் நோயின் இயல்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நன்று. இலண்டன் மாநகரத்து மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் ஆறு நோயாளரின் நிலையை விளக்கி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பிற்காலத்தில் அவர் பெயராலேயே நோய் வழங்கலாயிற்று. மூளையின் உட்பகுதியில் கருநிறம் வாய்ந்த ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. நாம் எண்ணியவாறு உறுப்புக்கள் இசைவாக இயங்குவதற்கு இப்பொருள் இன்றியமையாதது. அவ்வுயிரணுக்கள் படிப்படியாக அழிவதனால் டோப்பமின் குறைகிறது. அதனால் இயக்கம் மந்தமாகிறது, தசைகள் விறைக்கின்றன, சிலருக்குக் கையும் காலும் நடுங்குகின்றன.

டோப்பமினை மாத்திரையாக உட்கொண்டால் அது மூளைக்குள் புகாது. லெவோடோப்பா என்னும் பொருளோ மூளைக்குள் சென்று டோப்பமினாக மாறவல்லது. 1960களில் மருத்துவத்துக்கு வந்த இம்மருந்து இன்றளவும் இந்நோய்க்குத் தலைமையான மருந்தாக விளங்குகிறது. நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையில் இதே லெவோடோப்பா இருக்கிறது. தாமோதரன், இராமசாமி என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1937ஆம் ஆண்டில் சென்னையில் அதனைப் பிரித்தெடுத்துக் காட்டினர். இச்செய்தியால் பெருமை கொள்ளலாம். ஆயினும், பூனைக்காலிப் பொடியை மருத்துவர் அறியாமல் மாத்திரையோடு சேர்த்து உண்பது தகாது. ஒரே மருந்தை இருமடங்காக உண்டதாக அது முடியும்.

இனித் தசைப்பிடிப்புக்கு வருவோம். ‘பிடிப்பு’ என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிட்டாலும், அதற்குள் அடங்கியவை பல. இடைவிடாத விறைப்பினால் தோளிலும் கழுத்திலும் முதுகிலும் உண்டாகும் நோவு ஒருவகை. முதியோர் எவர்க்கும் இரவில் வரக்கூடிய கெண்டைக்கால் பிடிப்பு மற்றொரு வகை. இது சில நிமிடங்களில் விட்டுவிடும். மூன்றாவது வகையே இந்நோய்க்குச் சிறப்பாக உரியது. தசைகள் தாமாகவே முறுக்கிக்கொண்டு உறுப்பைத் திருப்பிவிடும் முறுக்கம் அது. பெருவிரல் மேல்நோக்கி நிமிரும். அல்லது எல்லா விரல்களும் கீழ்நோக்கிச் சுருளும். பாதம் உட்புறம் வளையும். சில நிமிடம் முதல் மணிக்கணக்காகவும் அது நிற்கும். நடுத்தர வயதிலேயே இந்நோய் தொடங்கியவர்களுக்கு, மருந்து உண்ணத் தொடங்குமுன்பே, நடக்கும்போது இம்முறுக்கம் முதல் அறிகுறியாகத் தோன்றுவதும் உண்டு.

இது விடியற்காலையில் வருவானேன்? லெவோடோப்பா உடலில் நெடுநேரம் நிற்கும் மருந்தன்று. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் தொடக்கத்தில், எஞ்சியுள்ள மூளை உயிரணுக்கள் மருந்தைச் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாகச் செலவிடுகின்றன; ஆகவே, வேளைக்கு வேளை வேறுபாடு தெரிவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லச் சேமிக்கும் ஆற்றல் குன்றுகிறது. பிறகு இரத்தத்தில் மருந்து இருக்கும்வரை உடல் இயங்கும், இல்லாதபோது இறுகும். இரவு எட்டு மணிக்கு உண்ட மாத்திரையின் பயன் விடிவதற்கு வெகு நேரம் முன்னரே தீர்ந்துபோகிறது. அதனாலேயே வைகறையில் கால் முறுக்கிக்கொள்கிறது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மருந்து தீரும் நேரத்தில் வரும் பிடிப்பும் இருக்கிறது. மருந்து மிகும் நேரத்தில் வரும் பிடிப்பும் இருக்கிறது. பார்வைக்கும் வலிக்கும் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். பரிகாரமோ நேர்மாறானது. முன்னதற்கு மருந்தின் பயன் நீள வேண்டும். பின்னதற்கு ஒரு வேளையின் அளவு குறைய வேண்டும். இரண்டையும் பிரித்தறிய எளிய கருவி ஒன்று நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. கடிகாரமே அது.

ஒருவர் காலை ஏழு, பகல் பதினொன்று, பிற்பகல் மூன்று, இரவு எட்டு ஆகிய நேரங்களில் மாத்திரை உண்பதாகக் கொள்வோம். அவருக்கு விடியற்காலை ஐந்து மணிக்கும், பகல் பத்தரைக்கும், பிற்பகல் இரண்டரைக்கும் பிடிப்பு வருமானால், அது மருந்து தீர்வதன் அடையாளம். எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும், அதாவது மாத்திரை உண்டு ஒரு மணி நேரம் சென்றபின் வருமானால், அது மருந்து உச்சத்தில் இருப்பதன் அடையாளமாகலாம். நேரத்தோடு எவ்விதத் தொடர்பும் இன்றி வருமானால், வேறு காரணத்தைத் தேடவேண்டும். ஆகையால் ஒரு சிறு குறிப்பேட்டில் ஏழு நாட்களுக்கு எழுதி வைத்தல் வேண்டும். மாத்திரை உண்ட நேரம், உணவு உண்ட நேரம், பிடிப்பு வந்த நேரம், எந்த உறுப்பில் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்னும் இவ்வைந்தும் போதும். நோயாளரின் கையெழுத்து இந்நோயில் சிறுத்துவிடும். ஆதலால் வீட்டிலுள்ள பிறர் எழுதுவதே நலம். பத்து நிமிடமே பார்க்க வாய்ப்புள்ள மருத்துவருக்கு அந்த ஏடு ஒரு மணி நேரப் பேச்சைக் காட்டிலும் பயன்படும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட இடையூறு ஒன்று உண்டு. அது மொழி. நம் வீடுகளில் பெரியவர்கள் ‘நரம்பு இழுக்கிறது’ என்பார்கள், ‘இழுப்பு’ என்பார்கள். உடன் செல்லும் பேரப்பிள்ளை அந்தச் சொல்லை வலிப்பு என்று பொருள்கொண்டு மொழிபெயர்த்துவிட்டால், மருத்துவரின் எண்ணம் வேறு திசையில் சென்றுவிடும். இந்தி வழங்கும் ஊர்களில் சாதாரணத் தசைப்பிடிப்பை ‘நஸ் சட் கயீ’ என்பர்; மராத்தியில் ‘பாயாத் கோளே யேதாத்’ என்பர்; வங்காளத்தில் ‘டான் தொரேச்சே’ என்பர். ஆனால், இச்சொற்கள் கெண்டைக்கால் பிடிப்பையே நினைவூட்டும். விரல்கள் சுருள்வதை அவை உணர்த்தா. ஆதலால், ‘பைர் கீ உங்க்லியான் முட் ஜாதீ ஹைன்’, அதாவது கால்விரல்கள் மடங்கிக்கொள்கின்றன என்றும், ‘தவாயீ கா அசர் கதம் ஹோனே பர்’, அதாவது மருந்தின் பயன் தீரும்போது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மொழி சற்றும் வாராதவர்கள், பிடிப்பு வந்திருக்கும் வேளையில் காலை ஒரு கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டுபோய்க் காட்டலாம். படத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

பிடிப்பு வந்த கணத்தில் செய்யத்தக்கவை யாவை? கெண்டைச்சதை இறுகினால், முழங்காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். குனிந்து பாதத்தைப் பிடிக்க இயலாதவர், நீண்ட துண்டு ஒன்றைப் பாதத்தின் அடியில் கொடுத்து இரு முனைகளையும் கையால் பற்றி இழுத்துக்கொள்ளலாம். அத்துண்டை இரவில் படுக்கையருகிலேயே வைத்திருப்பது நல்லது. விரல்கள் சுருண்டால், வீட்டார் ஒருவர் ஒரு கையால் குதிகாலைத் தாங்கி, மறு கையால் விரல்களை மெதுவாக நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தல் ஆகாது. எதிர்த்து இழுக்குந்தோறும் தசை மேலும் இறுகும். உட்கார்ந்தபடியே பூரிக்கட்டையைத் தரையிலிட்டு அதன்மேல் பாதத்தை முன்னும் பின்னும் உருட்டுவதும் சிலருக்கு இதம் தரும்.

இளஞ்சூடான ஒத்தடம் விறைப்பைத் தளர்த்தும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றியே வைக்க வேண்டும். நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது. அவர்களுக்குப் பிறர் தம் கையில் வைத்துப் பார்த்துச் சூட்டை அறிந்தபின்னரே ஒத்தடம் கொடுக்க வேண்டும். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவி மெல்லப் பிடித்துவிடுதலும் நன்றே. ஆனால், எண்ணெயைத் துடைக்காமல் காலைத் தரையில் ஊன்றுதல் கூடாது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பிடிப்பினும் பன்மடங்கு பெரிய துன்பம் அது. இந்நோயில் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதும் உண்டு. எனவே, வலியின் வேகத்தில் துள்ளி எழாமல், கட்டிலின் விளிம்பில் ஓரிரு நிமிடம் அமர்ந்து, பிறர் துணையோடு எழுதல் வேண்டும்.

வராமல் தடுக்கும் பழக்கங்களும் உள. ஒரு கை நீளத் தொலைவில் சுவரை நோக்கி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்துக் குதிகால் தரையில் படியுமாறு முப்பது விநாடி நிற்கலாம். இவ்வாறு கால் ஒன்றுக்கு மூன்று முறை, காலையிலும் படுக்கப்போகும் முன்னும் செய்துவருதல் பயன் தரும். தள்ளாட்டம் உள்ளவர்கள் நாற்காலியில் அமர்ந்து, முன் சொன்ன துண்டைக் கொண்டே செய்யலாம். நாள்தோறும் இயன்றவரை நடத்தலும் வேண்டும். இருதய நோயோ சிறுநீரக நோயோ காரணமாக மருத்துவர் நீரைக் கட்டுப்படுத்தியிருந்தாலன்றி, போதிய நீர் பருகவேண்டும்; இந்நோயில் தாகம் குறைந்து தோன்றுவதாலும் மலச்சிக்கல் மிகுவதாலும் இது இரட்டிப்புப் பயன் தரும்.

வடநாட்டுக் குளிர்காலம் நமக்குப் பழக்கமன்று. டில்லியிலும் லக்னோவிலும் தை மாதத்து வைகறையில் தரை பனிக்கட்டிபோல் குளிர்ந்திருக்கும். வீட்டிற்குள் வெறுங்காலோடு நடப்பது நம் வழக்கம். அக்குளிரில் தசை மேலும் விறைக்கும். அடிப்புறம் வழுக்காத காலுறை அணிவது நலம். கனத்த ரஜாயைப் போர்த்து மல்லாந்து படுத்தால், அதன் சுமை பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்திக் கெண்டைச்சதையைச் சுருக்கிவிடும். கால்மாட்டில் ஒரு தலையணையை நிறுத்தி ரஜாயின் சுமையைத் தாங்கச் செய்தால், பாதம் இயல்பாக நிமிர்ந்திருக்கும்.

மாத்திரை உண்ணும் முறையிலும் கருத்து வேண்டும். லெவோடோப்பாவை உணவுக்கு அரைமணி முன்னரோ, ஒரு மணி நேரம் பின்னரோ உண்பது நன்று. பருப்பு, தயிர், பால், பனீர் முதலிய புரத உணவுகள் குடலிலும் மூளையின் வாயிலிலும் இம்மருந்தோடு போட்டியிடுகின்றன. அதற்காகப் புரதத்தை அறவே ஒழித்து உடல் மெலிதல் தவறு. வயிறு நிறையத் தயிர்சாதம் உண்டவுடன் மாத்திரையை விழுங்கும் வழக்கத்தை மாற்றினாலே பலர்க்கு நண்பகல் பிடிப்புக் குறையும். இரும்புச்சத்து மாத்திரையையும் இதனோடு ஒரே வேளையில் உண்ணாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும்.

ஊர் மாறும்போது மற்றொரு தவறு நேரக்கூடும். இம்மாத்திரை பல வடிவங்களில் கிடைக்கிறது. 100 மில்லிகிராம் லெவோடோப்பாவுடன் 10 மில்லிகிராம் கார்பிடோப்பா சேர்ந்தது ஒன்று. 100உடன் 25 சேர்ந்தது ஒன்று. 250உடன் 25 சேர்ந்தது ஒன்று. மெதுவாகக் கரையும் வகை வேறு. வணிகப் பெயர்கள் கடைக்குக் கடை மாறும். ஆதலால் மருந்தின் பொதுப்பெயரையும் இரண்டு எண்களையும் எழுதி வைத்திருப்பது அவசியம். பொங்கலுக்கோ திருமணத்துக்கோ ஒன்றரை நாள், இரண்டு நாள் இரயிலில் தமிழகம் செல்லும்போது, மருந்தைப் பெட்டியில் பூட்டாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி தாமதமாகுமென எண்ணி நான்கைந்து நாளைக்கு மிகுதியாகவே கொண்டுசெல்ல வேண்டும். நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு அமராமல், இருக்கையிலேயே பாதங்களை மேலும் கீழும் அசைத்துவருதல் நலம்.

குறிப்பேட்டைக் கண்ட மருத்துவர் செய்யக்கூடியவை பல. இரவில் மெதுவாகக் கரையும் மாத்திரை தரலாம். விழித்தவுடன் படுக்கையிலேயே உண்ணுமாறு முதல் வேளையை முன்னே நகர்த்தலாம். வேளைகளின் இடைவெளியைக் குறைக்கலாம். மருந்தின் பயனை நீட்டிக்கும் வேறு மாத்திரைகளைச் சேர்க்கலாம். ஒரே இடத்தில் விடாது நிற்கும் முறுக்கத்துக்குப் பாட்டுலினம் என்னும் மருந்தைத் தசையில் ஊசி வழியே செலுத்துவதுண்டு. அதன் பயன் ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும். தகுதியுடைய சிலர்க்கு மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பி பொருத்தும் அறுவையும் உதவுகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ், புதுடில்லி எய்ம்ஸ், திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற அரசு நிறுவனங்களில் இந்நோய்க்குத் தேர்ந்த நரம்பியல் மருத்துவர்கள் உள்ளனர்.

செய்யலாகாதவற்றையும் கூறிவிடுவோம். பிடிப்புக்கு மாத்திரைதான் காரணம் என்று எண்ணி மருந்தைத் திடீரென நிறுத்துதல் பேராபத்து. கடும் விறைப்பும் காய்ச்சலும் மயக்கமும் உண்டாகி உயிருக்கே ஊறு நேரும். வாந்திக்குத் தரும் மெட்டோக்ளோப்பிரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் புரோக்குளோர்பெரசின், சின்னாரிசின் முதலிய மருந்துகள் இந்நோயை மிகுவிக்கும். பக்கத்துக் கடையில் ‘தலைசுற்றல் மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். பிடிப்புக்கென்று கொயினா மாத்திரையையும் தாமாக உண்ணலாகாது. ஒரே கால் வீங்கி, சூடேறிச் சிவந்து, கெண்டையில் வலி நீடித்தால், அஃது இரத்தக் கட்டியாக இருக்கக்கூடும். அதைப் பிடித்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, தைராய்டுக் குறைவு, முதுகெலும்பின் தேய்வு ஆகியவையும் பிடிப்பை உண்டாக்கலாம். ஆகவே, எல்லாவற்றையும் ஒரே நோயின்மேல் ஏற்றிவிடாமல் மருத்துவரிடம் தெரிவித்தல் முறை.

இறுதியாக வீட்டாருக்கு ஒரு சொல். நம் அன்னையரும் பாட்டியரும் தம் வலியை எடுத்துரைக்கும் வழக்கம் இல்லாதவர். விடிந்தால் வேலைக்குச் செல்லவேண்டிய மகனையும் மருமகளையும் எழுப்பலாகாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பர். இந்நோய் முகத்தின் மெய்ப்பாட்டையும் குறைத்துவிடுவதால், வலி முகத்திலும் தெரியாது, குரலும் தாழ்ந்திருக்கும். சுற்றிலும் வேற்றுமொழி வழங்கும் ஊரில், வீட்டாரையன்றி அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேறு ஆள் இல்லை. ‘இரவு உறக்கம் எப்படி? கால் பிடித்துக்கொண்டதா? எத்தனை மணிக்கு?’ என்று நாள்தோறும் காலையில் நாமே கேட்கவேண்டும். படுக்கையருகில் ஒரு மணி, முதல் வேளை மாத்திரை, ஒரு தம்ளர் நீர், ஒரு துண்டு ஆகிய நான்கையும் இரவிலேயே எடுத்து வைத்துவிட்டால், பாதித் துன்பம் தீர்ந்தவாறாம்.

பார்க்கின்சன் நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை. ஆயினும், விடியற்காலைப் பிடிப்பு விதியென்று பொறுத்துக்கொள்ளத்தக்கதன்று, பெரும்பாலும் தணிக்கத்தக்கதே. வலி வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள். குறித்ததை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் செய்யும் சிறு மாற்றமே நம் பெரியவர்களுக்கு அமைதியான வைகறையை மீட்டுத் தரக்கூடும்.